விட்டமீனோவை எங்கே வெட்டுவது? எஸ்பெராண்டோ அறிவியல் சொல்லின் பிறப்பைத் தேட ஒரு வழிகாட்டி

எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கிய செயற்கை மொழியான எஸ்பெராண்டோவின் இலக்கணம் மொத்தமே 16 விதிகள்தான் என்று சொல்லித்தான் எல்லோரையும் உள்ளே இழுக்கிறார்கள். வந்து ரெண்டு மாதத்தில் சொல்லைப் பிரித்துப் பார்க்கும் ருசி பிடித்துவிடும். ‘வப்போர்’ நீராவி, ‘ஷீப்போ’ கப்பல். ஆக ‘வப்போர்ஷீப்போ’ நீராவிக்கப்பல். ‘லூம்’ ஒளி, ‘யாரோ’ ஆண்டு, ‘லூம்யாரோ’ ஒளியாண்டு. முக்கியமான சொல் கடைசியில் வரும் என்பது 11-ஆம் விதி. தமிழிலும் அப்படித்தான் என்பதால் நமக்குக் கை தானாக ஓடும். அந்தத் தைரியத்தில் ‘விட்டமீனோ’வை வெட்டினால் என்ன கிடைக்கும்? ‘வீட்’ திராட்சைக்கொடி, ‘ஆம்’ நேசம், ‘ஈன்’ பெண்பால் காட்டும் ஒட்டு. திராட்சைக்கொடி நேசத்துக்காரி! மருந்துக்கடையில் விற்கும் வைட்டமினுக்கு இப்படி ஒரு பிறப்பு வரலாறு எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

இலக்கணப்படி அந்த வெட்டில் பிழை இல்லை. பிழை கேட்காமல் விட்ட கேள்வியில் இருக்கிறது: இந்தச் சொல்லில் கூட்டு எந்த மொழியில் நடந்தது? எஸ்பெராண்டோவிலா, அதற்கு முன்பே வேறு வீட்டில் நடந்து முடிந்து, கூடிய கோலத்தில் உள்ளே வந்ததா? கல்லூரிக் கட்டுரைக்கோ, விக்சனரிப் பதிவுக்கோ, கலைச்சொல் ஒப்பீட்டுக்கோ இந்த வேலையில் இறங்கும் சேலம், ஏற்காடு பக்கத்து ஆட்களுக்காக, எதை எந்த வரிசையில் செய்வது என்று கீழே.

ஆரம்பிக்கும் முன்: கையில் என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

பணச் செலவு ஏறக்குறைய இல்லை. நேரம்தான் செலவு. முதல் சொல்லுக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். பத்துச் சொல் முடித்த பிறகு ஒரு மணி நேரத்தில் ஒரு சொல் முடியும்.

அகராதிகள் மூன்று. முதலாவது, 1905-இல் வெளியான, மொழியின் அடிப்படை நூலான ‘ஃபுண்டமேண்டோ’வில் உள்ள சொற்பட்டியல். ஒவ்வொரு வேருக்கும் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், போலிஷ் ஆகிய ஐந்து மொழிகளில் பொருள் இருக்கும். பதிப்புரிமை முடிந்துவிட்டது, முழுதாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, 1970-இல் முதலில் அச்சான பெரிய விளக்க அகராதி ‘பிளேனா இலுஸ்ட்ரீட்டா வொர்ட்டாரோ’. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். மூன்றாவது ‘ரேட்டா வொர்ட்டாரோ’, இணையத்துக்காகவே தொகுக்கப்பட்டது. பல மொழிகளில் பொருள் தருவதால் புதியவர்களுக்கு இதுதான் எளிது.

இந்த மூன்றும் பொருள் சொல்லும், பிறப்பு சொல்லாது. பிறப்புக்கென்றே தனி அகராதி உண்டு. ஸ்வீடன்காரரான எபே வில்போர்க் 1989 முதல் 2001 வரை ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்தது பெரியது. அதைச் சேலத்துப் புத்தகக் கடைகளில் தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், அஞ்சல் செலவும் சேரும். அறிவியல் சொற்களுக்கு மட்டும் என்றால் அது இல்லாமலே சமாளிக்கலாம். அவற்றில் பல பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ பிறந்தவை. அந்த மொழிகளின் நல்ல வேர்ச்சொல் விளக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரெஞ்சுக்கு ‘திரேசோர்’ பேரகராதி, ஜெர்மனுக்கு ‘டிடபிள்யூடிஎஸ்’ தளம். மொழி தெரியாவிட்டால் இயந்திர மொழிபெயர்ப்பு போதும், ஆண்டும் பெயரும் தப்பாது.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மழை நாளில் மின்சாரமும் சிக்னலும் சொல்லாமல் போகும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுவதற்கு முன்பே, சேலத்திலேயே 1905 பட்டியலைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. நோட்டுப் புத்தகத்தில் தொடர்ச்சியாக எழுதினால் நடுவில் திருத்தம் வரும்போது எல்லாம் குழம்பும்.

1. சொல்லை அதன் சொந்த எழுத்தில் எழுதுங்கள்

அட்டையின் முதல் வரியைத் தமிழில் எழுதவே கூடாது. தமிழ் எழுத்தில் ‘பானோ’ என்று எழுதினால் அது ரொட்டியா, குளியலா? எஸ்பெராண்டோவில் ரெண்டும் வேறு வேறு முதல் எழுத்து. நமக்கு ஒரே ‘ப’. க, ட, ப மூன்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. இந்தக் கட்டுரையில் வாசிப்புக்காகத் தமிழ் ஒலிப்பைத் தருகிறேன். உங்கள் அட்டையில் மூல எழுத்துதான் இருக்க வேண்டும்.

அடுத்தது தொப்பி. எஸ்பெராண்டோவின் 28 எழுத்துகளில் ஐந்துக்குத் தலையில் தொப்பி, ஒன்றுக்குப் பிறை. பழைய ஸ்கேன்களில் தொப்பி கரைந்து போயிருக்கும், அவசரமாகத் தட்டச்சு செய்பவர்கள் போடாமலும் விடுவார்கள். சேலத்துக்காரர்கள் மறக்காத உதாரணம் ஒன்று: ‘மாங்கோ’ மாம்பழம், ‘மான்ஜோ’ சாப்பாடு. எழுத்தில் ரெண்டுக்கும் வித்தியாசம் அந்த ஒரு தொப்பிதான். தொப்பி விழுந்த பிரதியை நம்பி ‘மாங்கோ’வின் பிறப்பைத் தேடினால் நம் ‘மாங்காய்’ போர்ச்சுகீசியம் வழியாகப் போன கதைக்குப் போய்விடுவீர்கள். ‘மான்ஜோ’வின் உறவு பிரெஞ்சில், ‘சாப்பிடு’ என்ற சொல்லில் இருக்கிறது.

தொப்பி போட வசதி இல்லாதபோது சிலர் எழுத்துக்குப் பின்னால் ‘எக்ஸ்’ சேர்ப்பார்கள், சிலர் ‘ஹெச்’ சேர்ப்பார்கள். எக்ஸ் முறையில் ஆபத்து இல்லை, எஸ்பெராண்டோவில் அந்த எழுத்தே கிடையாது. ஹெச் முறையில்தான் கால் இடறும். விமான நிலையத்துக்கு ‘ஃப்ளுக்ஹவேனோ’ என்று பெயர். ‘ஃப்ளுக்’ பறத்தல், ‘ஹவேனோ’ துறைமுகம். இங்கே வருவது உண்மையான ஹெச். அதைத் தொப்பிக்குப் பதிலாக வந்தது என்று நினைத்துவிட்டால் சொல் நடுவில் ‘ஜ’ ஒலி புகுந்து ‘ஃப்ளுஜவேனோ’ ஆகிவிடும். அப்படி ஒரு சொல் எந்த அகராதியிலும் இருக்காது, நீங்கள் அரை நாள் தேடுவீர்கள்.

2. விகுதியைக் கழற்றுங்கள்

பெயர்ச்சொல்லுக்கு ‘ஓ’, பெயரடைக்கு ‘ஆ’, வினையடைக்கு ‘ஏ’, வினையின் மூல வடிவத்துக்கு ‘ஈ’. பன்மை என்றால் பின்னால் ‘ய்’ ஒலி, இரண்டாம் வேற்றுமை என்றால் ‘ன்’. நம் ஐ உருபு செய்கிற வேலையைத்தான் அந்த ‘ன்’ செய்கிறது. ‘விட்டமீனோய்ன்’ என்று கண்ணில் பட்டால் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி ‘விட்டமீன்’ வரை வாருங்கள். பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை.

3. எல்லாப் பிரிப்புகளையும் எழுதுங்கள், சிரிப்பு வருவதையும் சேர்த்து

நம் அணியிலக்கணத்தில் பிரிமொழிச் சிலேடை என்று ஒன்று உண்டு. ஒரு தொடரை ஒரு விதமாகப் பிரித்தால் ஒரு பொருள், வேறு விதமாகப் பிரித்தால் வேறு பொருள். எஸ்பெராண்டோ முழுக்க அது மண்டிக் கிடக்கிறது, யாரும் திட்டமிடாமலே. ‘கட்டாரோ’ சளிப்பிடிப்பும் ஆகும், ‘கட்’ பூனை, ‘ஆர்’ கூட்டம் என்று பிரித்தால் பூனைக் கூட்டமும் ஆகும். ‘சுக்கேரோ’ சர்க்கரை, ‘சுக்’ சாறு, ‘ஏர்’ துகள் என்று பிரித்தால் சாற்றுத்துளி. கேட்கப் பொருத்தமாகவே இருக்கிறது, அதுதான் ஆபத்து. சர்க்கரையின் உண்மையான வழி வேறு. சமஸ்கிருத ‘சர்க்கரா’ பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய், அங்கே பல மொழிகளில் பரவிய பிறகு எஸ்பெராண்டோவுக்கு வந்தது. நாம் டீயில் போடும் சர்க்கரையும் ‘சுக்கேரோ’வும் தாயாதிகள், சாற்றுக்கும் துகளுக்கும் அங்கே வேலையே இல்லை.

ஒலியழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம். சர்க்கரையும் சாற்றுத்துளியும் காதுக்கு ஒன்றே.

அறிவியல் சொற்களில் திரும்பத் திரும்ப ஏமாற்றும் ஒட்டுகள் நான்கு. ‘ஈன்’ எஸ்பெராண்டோவில் பெண்பால்: ‘பாட்ரோ’ தந்தை, ‘பட்ரீனோ’ தாய். வேதியியலில் அதே ஒலி ஒரு பொருளின் பெயர் முடிவு. ‘ஓன்’ எஸ்பெராண்டோவில் பின்னம்: ‘டுஓனோ’ பாதி. ‘கார்போ’ கரி என்பதால் ‘கர்போனோ’வைக் ‘கரியில் ஒரு பங்கு’ என்று பிரிப்பவர்கள் உண்டு; அது கார்பன் தனிமம், முழுதாக வந்த சொல். ‘ஈட்’ பற்றிக் கீழே 9-இல் விரிவாக. நான்காவது ‘ஆர்’. இதை எங்கு பார்த்தாலும் சந்தேகப்படவும் வேண்டாம்: ‘வொர்ட்’ சொல், ‘ஆர்’ தொகுதி, ‘வொர்ட்டாரோ’ அகராதி. இந்தக் கூட்டு எஸ்பெராண்டோவுக்குள்ளேயே நடந்தது.

இந்தப் படியில் எதையும் அடிக்காதீர்கள். ‘விட்டமீன்’ அட்டையில் மூன்று வரி வரும்: ‘வீட் + ஆம் + ஈன்’; ‘வீட் + அமீன்’; பிரியாத ‘விட்டமீன்’.

4. உள்ளூர் வேர்ச் சோதனை

பாதிச் சிக்கல் இங்கேயே தீரும். சொல்லின் பொருளில் இருக்கும் ஒவ்வொரு கருத்துக்கும் எஸ்பெராண்டோ அன்றாடம் புழங்கும் வேர் எது என்று பாருங்கள். அந்த வேர் உங்கள் சொல்லுக்குள் இருந்தால் கூட்டு உள்ளே நடந்திருக்கலாம். இல்லாவிட்டால் சொல் வெளியே கூடி வந்தது.

உயிர் வாழ்வுக்கு எஸ்பெராண்டோவில் ‘வீவ்’. வைட்டமினை எஸ்பெராண்டோக்காரர்களே கூட்டியிருந்தால் அது ‘விவமீனோ’ ஆகியிருக்கும். ‘விட்ட’ என்று இருப்பதால் லத்தீன் ‘வீட்டா’வை ஒட்டவைத்தவர் வெளியாள். தண்ணீர் எஸ்பெராண்டோவில் ‘அக்வ்’, ஹைட்ரஜனில் இருப்பதோ கிரேக்க ‘ஹிட்ர்’. வெப்பம் ‘வார்ம்’, வெப்பமானியில் இருப்பது ‘டெர்ம்’. ஒளி ‘லூம்’, ஒளிச்சேர்க்கையான ‘ஃபோட்டோசின்டேஸோ’வில் ‘ஃபோட்’. அதிலும் ‘ஃபோட்டோ’ எஸ்பெராண்டோவில் தனிச்சொல்லாகப் புகைப்படத்தைக் குறிக்கும். அதைக் கொண்டு பிரித்தால் இலை புகைப்படம் எடுக்கத் தொடங்கிவிடும்.

நடுவில் வரும் ‘ஓ’வுக்கும் ஒரு சோதனை. நம் சாரியை போல, ஒலிப்பு வசதிக்காக எஸ்பெராண்டோ ரெண்டு வேருக்கு நடுவே ‘ஓ’ வைக்கும். இரத்த அழுத்தம் ‘சங்கோப்ரேமோ’; ‘சங்’ இரத்தம், ‘ப்ரேம்’ அழுத்து. அந்த நடு ‘ஓ’வை எடுத்தாலும் சொல் செத்துப்போகாது, உச்சரிக்கக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், அவ்வளவுதான். ‘டெர்மோமேட்ரோ’விலிருந்து நடு ‘ஓ’வை எடுத்துப் பாருங்கள், மிஞ்சுவது எந்தச் சொல்லும் இல்லை. அந்த ‘ஓ’ கிரேக்கத்துச் சாரியை, சொல்லோடு சேர்ந்தே வந்தது.

தலைச்சொல் கடைசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீர்யானைக்கு ‘ஹிப்பொப்பொட்டாமோ’. கிரேக்கத்தில் ‘ஹிப்போஸ்’ குதிரை, ‘பொட்டமோஸ்’ ஆறு: ஆற்றுக்குதிரை. குதிரை முன்னால் நிற்கிறது. எஸ்பெராண்டோ கூட்டியிருந்தால் ஆறு முன்னால் வந்திருக்கும்.

இப்படி வெளியிலிருந்து முழுதாக வருவதற்கு அனுமதி தருவது 15-ஆம் விதி. பெரும்பாலான மொழிகள் ஒரே மூலத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொற்களை எஸ்பெராண்டோவும் எழுத்துமுறையை மட்டும் மாற்றி அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அறிவியல் சொற்களில் கணிசமானவை இந்த வாசல் வழியாக வந்தவை. 11-ஆம் விதி வாசலா, 15-ஆம் விதி வாசலா என்று அட்டையில் எண்ணை மட்டும் போட்டுவைத்தால் போதும்.

5. அகராதியில் கோடு எங்கே விழுகிறது?

பெரிய விளக்க அகராதி வேருக்கும் விகுதிக்கும் நடுவே ஒரு சாய்கோடு போடும். ‘விட்டமீன்’ முழுதும் கோட்டுக்கு முன்னால் இருந்தால், இன்றைய எஸ்பெராண்டோ அதைப் பகாப்பதமாக எண்ணுகிறது. உள்ளே கூடிய சொற்கள் பெரும்பாலும் தனித் தலைப்பாக இருக்காது; கடைசி வேரின் கீழ் ஒளிந்திருக்கும். ஒளியாண்டை ‘லூம்’ பக்கத்தில் தேடிக் காணவில்லை என்று கைவிட வேண்டாம், ‘யார்’ பக்கத்தில் பாருங்கள்.

ஆனால் கோட்டையே பிறப்புச் சான்றாகக் காட்டாதீர்கள். பேசுகிறவர் இன்று சொல்லை எப்படி உணர்கிறார் என்பதைத்தான் கோடு சொல்கிறது. நேற்று அது எங்கே இருந்தது என்று சொல்லாது.

6. தேதியைப் பொருத்துங்கள்

மூன்று ஆண்டுகளை அட்டையின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: 1887, எஸ்பெராண்டோவை உருவாக்கிய சமென்ஹோஃப் வார்சாவில் முதல் நூலை வெளியிட்டது; 1905, ‘ஃபுண்டமேண்டோ’; மூன்றாவது, உங்கள் சொல் குறிக்கும் பொருளோ கருத்தோ பெயர் பெற்ற ஆண்டு. மூன்றாவது ஆண்டு 1905-க்குப் பிந்தியது என்றால் 1905 பட்டியலில் தேடி நேரம் கழிக்க வேண்டாம்.

பொய்ப் பிரிப்பை உடைக்கவும் தேதி உதவும். ஹைட்ரஜன் எஸ்பெராண்டோவில் ‘ஹிட்ரொகேனோ’. ‘கேனோ’ என்றால் மரபணு, ஆகவே ‘நீர் மரபணு’ என்று ஒருவர் வாதாடுகிறார் என்று வையுங்கள். மரபணுவைக் குறிக்கும் அந்தச் சொல்லை டென்மார்க்கின் யோஹான்சென் உருவாக்கியது 1909. ஹைட்ரஜனுக்கு வேதியியலாளர் லவாய்சியே குழுவினரின் பிரெஞ்சுப் பெயரமைப்பில் பெயர் வந்தது 1787. பேரன் பிறந்த பிறகு தாத்தாவுக்குப் பெயர் வைக்க முடியாது.

எஸ்பெராண்டோ நூல்களில் ஒரு சொல் எப்போது, எந்த வாக்கியத்தில் வந்தது என்று பார்க்க ‘டெக்ஸ்டாரோ’ என்ற இலவசத் தேடல் தொகுப்பு உண்டு. அதில் கிடைக்கும் முதல் ஆண்டை ‘முதல் வழக்கு’ என்று எழுதிவிடாதீர்கள். ‘இந்தத் தொகுப்பில் முதலில் காண்பது’ என்று எழுதுங்கள்.

7. வெளியே போய்த் தேடுங்கள்

‘விட்டமீன்’ பிரியாதது, லத்தீன் வாடை அடிக்கிறது, 1905-க்குப் பிந்தியது. இதுவரை நமக்குத் தெரிந்தது இவ்வளவு. இனி பிரெஞ்சு, ஜெர்மன் விளக்கங்களைத் திறக்கலாம். ரெண்டும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போகும்: 1912, காசிமிர் ஃபுங்க் என்ற உயிர்வேதியியலாளர். லத்தீன் ‘வீட்டா’ என்றால் வாழ்வு. அதோடு ‘அமைன்’ என்ற வேதியியல் வகைப் பெயரைச் சேர்த்தார். உயிருக்கு இன்றியமையாத அமைன் என்பது அவர் எண்ணம். இந்தப் பொருள்கள் எல்லாம் அமைன் அல்ல என்று பிறகு தெரிந்ததும், 1920-இல் ஆங்கிலத்தில் கடைசி ‘ஈ’ (e) எழுத்தை வெட்டிவிட்டார்கள். ஃபுங்க் பிறந்ததும் வார்சாதான், சமென்ஹோஃப் கண் மருத்துவராக வாழ்ந்த அதே நகரம். இதை அட்டையில் சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள், ஒரே ஊர் என்பது சான்று ஆகாது.

வெட்டுப்பட்ட அந்தக் கடைசி எழுத்து எஸ்பெராண்டோவில் தடம் விடவில்லை. பெயர்ச்சொல் என்றால் ‘ஓ’ வந்து முடிவை மூடிவிடுகிறது. ஆகவே சொல் 1920-க்கு முந்தைய வடிவத்திலிருந்து வந்ததா, பிந்தையதிலிருந்தா என்பதை வடிவத்தை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. நாம் ‘வைட்டமின்’ என்பதால் ஆங்கிலத்திலிருந்து எடுத்தார்கள் என்றும் எழுதிவிடாதீர்கள். எஸ்பெராண்டோவில் ‘வி’ என்றுதான் ஒலிக்கும், பிரெஞ்சு, ஜெர்மன், போலிஷ் மூன்றிலும் அப்படியே. பல மொழிகளில் ஒரே வடிவம் இருக்கும்போது ‘சர்வதேசச் சொல், 15-ஆம் விதி’ என்று எழுதுவதே நேர்மை.

எவ்வளவு ஆழம் தோண்டுவது? கூட்டு நடந்த இடம் வரை, அதற்கு மேல் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படி. ‘அமைன்’ அம்மோனியாவின் உறவு என்பதோடு நிறுத்தலாம். அம்மோனியா நவச்சார உப்பிலிருந்து, அந்த உப்பின் பெயர் எகிப்தின் ஆமுன் கோயிலிலிருந்து என்று போய்க்கொண்டே இருந்தால் ராத்திரி ரெண்டு மணி ஆகும், அட்டை நிரம்பாது.

8. கூட்டியது இங்கே, அச்சு (முன்மாதிரி) வேறிடத்தில்

சேலம் ஜங்ஷனில் நிற்கும் ரயிலின் தடத்தை இருப்புப்பாதை என்கிறோம். எஸ்பெராண்டோவில் ‘ஃபெர்வோயோ’; ‘ஃபெர்’ இரும்பு, ‘வோய்’ பாதை. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இதே இரும்பு, இதே பாதை. தமிழ்க் கூட்டு தமிழ் வேர்களால் ஆனது, எஸ்பெராண்டோக் கூட்டு அதன் வேர்களால் ஆனது. கூட்டும் யோசனை மட்டும் கடன். விமான நிலையமும் அப்படியே, ஜெர்மன் சொல்லைப் பகுதிக்குப் பகுதி பெயர்த்தது.

இந்த வகைக்கு அட்டையில் ரெண்டு வரி வேண்டும். ‘கூட்டு: எஸ்பெராண்டோ’ என்று ஒன்று, ‘அச்சு: ஜெர்மன், பிரெஞ்சு’ என்று ஒன்று. ஒரு வரியில் அடைத்தால் படிக்கிறவர் ‘ஃபெர்’ ஜெர்மனிலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்வார், ஜெர்மனில் இரும்புக்கு அந்தச் சொல்லே கிடையாது. நிலநடுக்கத்துக்கான ‘டெர்ட்ரேமோ’வை எடுத்துப் பழகுங்கள்: ‘டெர்’ நிலம், ‘ட்ரேம்’ நடுக்கம். நடுவில் ‘ஓ’ இல்லாமலே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

9. நம்மூர்ப் பொருள்களில் பழகுங்கள்

வெள்ளைக்கல்லில் தொடங்குவோம். சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் வெட்டியெடுக்கும் மேக்னசைட் எஸ்பெராண்டோவில் ‘மக்னெஸீட்டோ’. மேலே சொன்ன ‘ஈட்’ இங்கே வருகிறது. எஸ்பெராண்டோவின் சொந்த ‘ஈட்’ செயப்பாட்டு வினையின் இறந்தகாலம். ‘கப்ட்’ பிடி, ‘கப்டீட்டோ’ பிடிபட்டவர். அந்தக் கணக்கில் வெள்ளைக்கல் ‘மெக்னீசியமாக்கப்பட்டவர்’! மூச்சுக்குழாய் அழற்சியான ‘ப்ரொங்கீட்டோ’வும் இதே முடிவு கொண்டது. ஆக மூன்று ‘ஈட்’கள். செயப்பாட்டு ஈட் எஸ்பெராண்டோவின் சொந்தச் சரக்கு. கனிமப் பெயரின் ஈட் கிரேக்க ‘இட்டேஸ்’, அழற்சியின் ஈட் கிரேக்க ‘இட்டிஸ்’. கிரேக்கத்தில் தனித்தனியாக நின்றவை எஸ்பெராண்டோவின் ‘ஓ’ வந்து மூடியதும் ஒரே முகமாகிவிட்டன. எது எது என்று பொருள்தான் சொல்லும்: கல்லா, நோயா, செயலுக்கு ஆட்பட்ட ஆளா?

வடிவத்திலும் ஒரு துப்பு கிடைக்கிறது. மெக்னீசியம் தனிமத்துக்கு எஸ்பெராண்டோப் பெயர் ‘மக்னெஸீயோ’. அந்த வேரோடு உள்ளேயே ‘ஈட்’ சேர்த்திருந்தால் நடுவில் ஓர் ‘இ’ கூடுதலாக நின்றிருக்கும். நிற்கவில்லை. ஆகவே கனிமப் பெயர் முழுதாக வெளியிலிருந்து வந்தது. பெயரின் அடி, மக்னீசியா என்ற கிரேக்க ஊர்ப்பெயர். காந்தத்துக்கும் மாங்கனீசுக்கும் அதே அடிதான். அட்டையில் அவற்றைக் கலந்துவிடாதீர்கள், எஸ்பெராண்டோவில் மூன்றும் மூன்று வேர்.

சேர்வராயன் மலையின் பாக்சைட்டும் இப்படித்தான். பிரான்சின் லே போ என்ற ஊர்ப்பெயரோடு கனிம ஈட். மலையே நிற்கும் பாறையான சார்னோக்கைட் கொஞ்சம் வேறு. கொல்கத்தாவில் உள்ள, ஆங்கிலேய வணிகர் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை வைத்து புவியியலாளர் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர், ஆக முதல் பகுதி ஆள் பெயர். எஸ்பெராண்டோ வடிவத்தை விதிப்படி நீங்களே உருவாக்கிவிடலாம், தொப்பி போட்ட ‘ச’வில் தொடங்கும். ஆனால் அகராதியிலோ அச்சான நூலிலோ கண்ணால் பார்க்காத வரை அதற்கு முன்னால் ஓர் உடுக்குறி (*) இடுங்கள். நீங்கள் உருவாக்கிய வடிவத்தை இன்னொருவர் சான்றாக எடுத்துப் போடுவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

ஏற்காட்டுக் காப்பிக்கு வருவோம். காப்பி ‘காஃபோ’, காஃபீன் ‘கஃபெயீனோ’. ‘ஈன்’ பெண்பால் என்று பிரித்தால் காப்பியம்மாள். உள்ளூர் வேர்ச் சோதனையே இதை உடைக்கும்: காப்பியின் வேர் ‘காஃப்’, நடுவில் நிற்கும் ‘எ’ எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய வடிவத்திலிருந்து. இன்னொரு கண்ணியும் இதில் உண்டு. காஃபீனை 1819-இல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானியரான ருங்கே. உடனே ‘சொல்லை உருவாக்கியவர் ருங்கே’ என்று எழுதிவிடுவார்கள். அவர் வைத்தது ‘காப்பிக் காரம்’ என்று பொருள்படும் வேறு ஒரு பெயர். பொருளைக் கண்டவரும் பெயரை வைத்தவரும் ஒருவர்தானா என்று ஒவ்வொரு தடவையும் தனியாகப் பாருங்கள்.

10. அட்டையை நிரப்பும் முறை

வரிசை இது: மூல எழுத்தில் சொல், எல்லாப் பிரிப்புகளும், விலக்கியதற்குப் பக்கத்தில் காரணமும், கூட்டு நடந்த மொழி, ஆண்டு, பகுதிகளின் வேர், எந்த அகராதி, எந்தப் பதிப்பு, பார்த்த தேதி. இணைய அகராதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால் கடைசி வரி முக்கியம்.

விட்டமீனோ அட்டை இப்படி முடியும்: ‘வீட் + ஆம் + ஈன், வீட் + அமீன்: விலக்கு, திராட்சைக்கும் பொருளுக்கும் தொடர்பில்லை, வாழ்வுக்கு உள்ளூர் வேர் வீவ். கூட்டு: எஸ்பெராண்டோவுக்கு வெளியே, ஃபுங்க், 1912. பகுதிகள்: லத்தீன் வீட்டா, வாழ்வு, அமைன், அம்மோனியாவோடு உறவு. நுழைவு: 15-ஆம் விதி.’ இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம்.

விக்சனரியில் ஏற்றுவதாக இருந்தால் பெரிய அகராதியின் விளக்க வாக்கியத்தை நகலெடுக்காதீர்கள், அதற்குப் பதிப்புரிமை உண்டு. உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். 1905 பட்டியலுக்கு அந்தத் தடை இல்லை.

பழக ஒரு சொல்: ‘கட்டமரானோ’. முதலில் உங்கள் கண் போகும் வெட்டு இது: ‘கட்’ பூனை, நடுவில் ‘ஆ’, ‘மார்’ கடல், ‘ஆன்’ உறுப்பினர். பூனைத்தனமான கடல்வாசி. மூன்றாம் படி வரை இதை அட்டையில் வைத்திருங்கள். நான்காம் படியில் படகுக்கு உள்ளூர் வேர் ‘போட்’ என்று தெரிந்ததும் அடித்துவிடுங்கள். ஏழாம் படிக்குப் பிரெஞ்சு அகராதி வரை போய், கூட்டு நடந்த மொழி என்ற வரியை நிரப்பும்போது பேனாவில் தமிழ் எழுத்துதான் வரும்: கட்டு + மரம்.